ஆறு புள்ளியும் எண்பத்திரண்டு லட்சம் புள்ளியும்



போன மே மாதம் பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வழக்கு நடந்தது. வழக்குப் போட்டவன் என் பேரன். ஏழாம் வகுப்பு முடித்தவன். எதிர்த்தரப்பு அவனுடைய அப்பா, அதாவது என் மகன். பேரனுக்கு வக்கீல் அவனுடைய வகுப்புத் தோழன். நீதிபதி நான்தான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பஞ்சாயத்து செய்து பழகியவன் ஆயிற்றே!

வழக்கு என்ன தெரியுமா? வீடியோ கேம் கன்சோல். கன்சோல் என்றால் டி.வி.யோடு இணைத்து விளையாடும் பெட்டி.

"தாத்தா, எங்ககிட்ட இருக்கறது பழசு. புது கன்சோல்ல கிரிக்கெட் ஆடினா, பேட்ஸ்மேன் நெத்தியில வியர்வைத் துளி கூடத் தெரியுது. அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கு. புதுசு வேணும்!" என்றான் பேரன்.

"அதுவே பத்தாது தாத்தா. அடுத்த மாடல்ல இன்னும் தெளிவா வரும்" என்றான் வக்கீல்.

"இருக்கற படமே கண்ணாடி மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்னடா தெளிவு வேணும்?" என்றான் என் மகன்.

அப்போது கூடத்தின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பையன். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். விடுதியில் தங்கிப் படிப்பவன், கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாங்காய்த் துண்டை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"அந்த வியர்வைத் துளி கீழ விழற சத்தம் கேட்குமா?" என்று கேட்டான்.

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. "தீர்ப்பு ஒரு வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாரம் நான் படித்ததையும் விசாரித்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன். தீர்ப்பு கடைசியில்!

கோலமும் டி.வி.யும்

வாசலில் புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து புள்ளி வைத்தால் சிறிய பூ வரும். இருபத்தொரு புள்ளி வைத்தால் தேரே வரும்! புள்ளி கூடக் கூட, கோலம் நுணுக்கமாகும்.

டி.வி.யில் தெரியும் படமும் புள்ளிக் கோலம்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. அதன் படத்தில் அகலவாக்கில் 256 புள்ளிகள், உயரவாக்கில் 240 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 61,440 புள்ளிகள்.

இப்போது 'ஃபோர் கே' என்கிறார்களே, அதில் எத்தனை புள்ளிகள்? அகலம் 3,840. உயரம் 2,160. பெருக்கினால் 82,94,400! எண்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு புள்ளிகள். பழைய கணக்கைப் போல மிகச் சரியாக 135 மடங்கு!

மரியோவுக்கு மீசை வந்த கதை

புள்ளிகள் குறைவாக இருந்த காலத்தில் என்ன செய்தார்கள்? மூளையைக் கசக்கினார்கள்!

1981-இல் ஷிகெரு மியாமோட்டோ என்ற ஜப்பானியர் 'டாங்கி காங்' என்ற விளையாட்டுக்காக ஒரு குட்டி மனிதனை வரைந்தார். கையில் இருந்த கொஞ்சம் புள்ளிகளில் வாயை வரைய முடியவில்லை. அதனால் பெரிய மூக்கு வைத்து, அதன் கீழே மீசை வைத்துவிட்டார். தலைமுடி பறப்பதைக் காட்டுவது கஷ்டம். அதனால் தொப்பி போட்டுவிட்டார். கை வீசுவது பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால் உடம்புக்கு ஒரு நிறம், கைக்கு வேறு நிறம் வருமாறு உடுப்பு மாட்டினார். அந்தக் குட்டி மனிதன்தான் உலகப் புகழ் பெற்ற மரியோ!

1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். மேலே வெள்ளை நிறம், கீழே பச்சை நிறம். அவ்வளவுதான் வித்தியாசம்! முழு விளையாட்டும் சுமார் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று செல்போனில் நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

1990-களில் நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடியதும் இந்த வகைதான். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் 'டி.வி. கேம்' என்று கேட்டு வாங்கி வருவார்கள். கேசட் வேலை செய்யவில்லை என்றால் அதன் வாயில் 'பூ' என்று ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவார்கள். என் மகனும் ஊதியிருக்கிறான். அவனுடைய டி.வி.யில் கார் என்பது நாலு சக்கரம் வைத்த ஒரு சதுரம். அதற்காக அவன் சாப்பாட்டை மறந்த நாட்கள் எனக்குத் தெரியும்!

கண் சொல்லும் சாட்சி

புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் படம் நன்றாகிக்கொண்டே போகுமா? இதற்குக் கண்தான் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு சோதனை செய்யலாம், வாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துக் கறுப்பாக இரண்டு கோடுகள் போடுங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் இடைவெளி இருக்கட்டும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வாருங்கள். ஓர் இடத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரியும். நல்ல பார்வை உள்ளவர்களுக்கு அந்த இடம் ஏறக்குறைய மூன்று, மூன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 43 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 'ஃபுல் எச்.டி.' படத்தில் அந்த அகலத்துக்குள் 1,920 புள்ளிகள். அப்படியானால் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை மீட்டர் என்றால், அரை மில்லிமீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர். அதற்கு அப்பால் உட்கார்ந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

எங்கள் வீட்டில் டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே இரண்டரை மீட்டர். அங்கே உட்கார்ந்தால் ஃபுல் எச்.டி. புள்ளியையே கண்ணால் பிரிக்க முடியாது. ஃபோர் கே புள்ளியோ அதிலும் பாதி, கால் மில்லிமீட்டர்தான்! அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் டி.வி.க்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் உட்கார வேண்டும். பாட்டி விடுவாளா?

அறுபதாயிரத்திலிருந்து இருபது லட்சம் புள்ளிக்கு வந்தபோது எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். இருபது லட்சத்திலிருந்து எண்பத்திரண்டு லட்சத்துக்கு வரும்போது, தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள், "மாறியிருக்கா?" என்று கேட்கிறார்கள். பசிக்கும்போது சாப்பிடும் முதல் இட்லியின் ருசி ஏழாவது இட்லியில் இருக்குமா? அதுபோலத்தான்.

பேரன் பக்க நியாயம்

நீதிபதி இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா? பேரன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

படத்தின் அழகு புள்ளியில் மட்டும் இல்லை. வெளிச்சம் எப்படி விழுகிறது, நிழல் எப்படி நகர்கிறது, தண்ணீரில் மரம் எப்படிப் பிரதிபலிக்கிறது என்பதெல்லாம் முக்கியம். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய கன்சோல்கள் ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று கணக்குப் போட்டே வெளிச்சம் வரைய வல்லவை. சுழற்பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிய, தையல் தெளிவாகத் தெரிந்தால் நல்லதுதானே? விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கான விளையாட்டில் ஓடுபாதை நிஜம் போல இருந்தால்தானே பயன்?

இப்படி வரைவது சாதாரண வேலையும் இல்லை. ஓவியர்கள், கணித நிபுணர்கள், கம்ப்யூட்டர் பொறியாளர்கள் எல்லோரும் சேர்ந்து உழைக்கிறார்கள். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' என்று ஒரு விளையாட்டு 2022-இல் வந்தது. புல் அசைவது கூட நிஜம் போலவே இருக்கும். அதை உருவாக்க ஐந்து ஆண்டுகளும் 21.2 கோடி டாலரும் ஆயின என்று 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்கள் மூலம் தெரியவந்தது. ரூபாய்க் கணக்கில் ஆயிரம் கோடிக்கும் மேல்!

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு பணத்தையும் நேரத்தையும் புல்லுக்கும் வியர்வைக்கும் கொட்டினால், மற்றதற்கு என்ன மிஞ்சும்?

அப்பா பக்கச் சாட்சிகள்

முதல் சாட்சி, கேம் பாய். 1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட கையடக்க விளையாட்டுப் பெட்டி. குன்பெய் யோகோய் என்பவரின் குழு உருவாக்கியது. வண்ணமே கிடையாது. வெளிறிய பச்சைத் திரையில் நாலே நாலு சாயல்கள். அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனம் கேம் கியர் என்று பளபளவென்று வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்தது. யார் ஜெயித்தார்கள்? கேம் பாய்தான்! காரணம், கேம் கியர் ஆறு பேட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய்க்கு நாலு பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். விலையும் குறைவு. அதனால் நிறையப் பிள்ளைகள் நிறைய நேரம் விளையாட முடிந்தது.

இரண்டாவது சாட்சி, வீ. 2006-இல் வந்தது. படத் தெளிவில் அந்தக் காலத்துப் போட்டிக் கன்சோல்களைவிடக் குறைந்தது. ஆனால் அதன் ரிமோட்டைக் கையில் பிடித்து, நிஜமாகவே டென்னிஸ் ஆடுவது போல வீசினால் திரையிலும் மட்டை வீசும். பொத்தான் கணக்குத் தெரியாத தாத்தா பாட்டிகள்கூட விளையாடினார்கள். பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. தெளிவான படம் காட்டிய இரண்டு போட்டிக் கன்சோல்களும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

மூன்றாவது சாட்சி, உங்களில் பலருக்குத் தெரிந்த மைன்கிராஃப்ட். மரமும் சதுரம், மாடும் சதுரம், சூரியனும் சதுரம்! 2023-க்குள் 30 கோடிக்கும் மேல் விற்றுவிட்டது.

இட்லித் தட்டு ரகசியம்

நான்காவது சாட்சி நம் வீட்டுப் பிள்ளை. பெயர் 'வெண்பா'.

ஆம், நம் தமிழ் வெண்பாதான்! 2023 ஜூலை மாதம் வெளியான வீடியோ கேம் அது. கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கியது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை.

இதில் கார் பந்தயம் இல்லை. சண்டை இல்லை. சமைக்க வேண்டும்! அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று யோசித்து நாம் செய்து முடிக்க வேண்டும். முதல் பாடமே இட்லி. இட்லித் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது? இட்லிக்கு நேர் மேலே இன்னொரு இட்லி வந்தால் ஆவி போக வழியில்லை. தட்டைக் கொஞ்சம் திருப்பி, துளை இருக்கும் இடம் கீழ்த்தட்டு இட்லிக்கு மேலே வரும்படி வைக்க வேண்டும். உங்கள் அம்மா தினமும் செய்வதுதான். என்றாவது கவனித்திருக்கிறீர்களா?

இந்த விளையாட்டின் படங்கள் நிஜம் போல இருக்காது. சிறுவர் கதைப் புத்தகத்துப் படங்கள் போல இருக்கும். வியர்வைத் துளி தெரியாது. ஆனால் தோசைக்கல்லில் 'சுர்ர்' என்று கேட்கும் சத்தம் நம் வீட்டு அடுக்களையில் கேட்பது போலவே இருக்கும். புதிய ஊரில் தமிழ் பேசத் தயங்கும் மகனைப் பார்த்து ஒரு தாய் படும் வேதனை நம் நெஞ்சைத் தொடும். 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை 'வெண்பா' பெற்றது.

எண்பத்திரண்டு லட்சம் புள்ளி காட்டும் பிளேஸ்டேஷன் 5-இலும் இந்த விளையாட்டு ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை. அந்தப் பெட்டி கொடுக்கும் சக்தியில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கதையால் நிரப்பிவிட்டார்கள்.

மூலையில் உட்கார்ந்தவன் கேட்ட கேள்வி

சரி, மாங்காய் தின்ற பையனின் கேள்விக்கு வருவோம். அதற்கு இதுவரை யாரும் சாட்சி சொல்லவில்லையே!

நம் பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான் இருக்கிறது. அதனால் வெள்ளைக் கோல் பிடித்து நடந்து செல்லும் பிள்ளைகளைப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

அந்தப் பிள்ளைகள் படிப்பது பிரெய்லி எழுத்து. லூயி பிரெய்லி என்ற பிரெஞ்சுச் சிறுவன் சின்ன வயதில் கண்பார்வையை இழந்தான். 1824-இல், தன்னுடைய 15-ஆவது வயதில், விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையை உருவாக்கினான். ஓர் எழுத்துக் கட்டத்தில் எத்தனை புள்ளிகள் தெரியுமா? ஆறே ஆறு! எந்தப் புள்ளி மேடாக இருக்கிறது, எது இல்லை என்பதை மாற்றி மாற்றி அமைத்தால் 63 விதமான எழுத்து வடிவங்கள் கிடைக்கும். தமிழ் முழுவதையும் அதில் எழுதிவிடலாம். திருக்குறளும் அதற்குள் அடங்கும். கணக்குப் பாடமும் அடங்கும்.

கண்ணால் பார்ப்பவர்களுக்கு எண்பத்திரண்டு லட்சம் புள்ளி போதவில்லை என்று ஒரு பக்கம் வழக்கு. ஆறு புள்ளியைத் தொட்டுத் தொட்டே புத்தகம் புத்தகமாகப் படிக்கிறார்கள் மறுபக்கம்!

அவர்கள் விளையாடுவார்களா? நன்றாக விளையாடுவார்கள். பார்வையற்றோர் சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். கறுப்புக் காய்களின் தலையில் சிறிய முனை இருக்கும். காய்கள் நகராமல் இருக்க ஒவ்வொரு கட்டத்திலும் துளை உண்டு. தடவிப் பார்த்தே ஆடிவிடலாம்.

கிரிக்கெட்டும் உண்டு! பிளாஸ்டிக் பந்துக்குள் சிறிய இரும்புக் குண்டுகள் இருக்கும். உருளும்போது கலகலவென்று சத்தம் வரும். பந்தை கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். வீசுவதற்கு முன் "ரெடி?" என்று கேட்க வேண்டும். மட்டையாளர் "யெஸ்" என்றதும் "ப்ளே" என்று குரல் கொடுத்து வீச வேண்டும். பார்வை அறவே இல்லாத வீரர் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்காகும். பார்வையற்றோருக்கான இருபது ஓவர் உலகக் கோப்பையை 2012, 2017, 2022 என மூன்று முறை வென்றது நம் இந்திய அணிதான்!

கவனித்தீர்களா? பந்துக்குள் நாலு குண்டு போட்டதும், பந்து கண்ணுக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் காதுக்கும் சொந்தமாகிவிட்டது. வீடியோ கேமிலும் அப்படி யாராவது குண்டு போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். போட்டிருக்கிறார்கள்!

படமே இல்லாத வீடியோ கேம்

ஜப்பானில் கென்ஜி ஏனோ என்று ஒருவர் இருந்தார். வீடியோ கேம் தயாரிப்பவர். தன் விளையாட்டுகளைப் பார்வையற்றவர்களும் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வியந்தார். அவர்களை நேரில் போய்ப் பார்த்தார். படத்தைப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் வைத்து அவர்கள் படாதபாடு பட்டு ஆடுவதைக் கண்டார்.

1997-இல் 'ரியல் சவுண்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அதில் படமே கிடையாது! வானொலி நாடகம் போல கதை ஓடும். நடுவில் மணி ஒலிக்கும். அப்போது அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று விளையாடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். விளையாட்டுக் குறிப்புகளைப் பிரெய்லியிலும் அச்சிட்டுக் கொடுத்தார். இந்த விளையாட்டைத் தன் கன்சோலுக்குக் கேட்ட சேகா நிறுவனத்திடம் ஏனோ ஒரு நிபந்தனை வைத்தார். பார்வையற்றவர்களுக்கு ஆயிரம் கன்சோல்களை அந்த நிறுவனம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆயிரம் விளையாட்டுகளைத் தான் கொடுப்பதாகச் சொன்னார். அப்படியே ஒப்பந்தமும் ஆனது.

இன்னொரு செய்தி. 2023-இல் வந்த 'ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்' என்ற கார் பந்தய விளையாட்டில் பார்வையற்றவர்களும் கார் ஓட்டலாம். வளைவு எந்தப் பக்கம் வருகிறது, எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், கார் பாதையின் ஓரத்துக்குப் போய்விட்டதா என்பதையெல்லாம் தனித்தனி ஒலிகள் சொல்லிக்கொண்டே இருக்கும். பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற அமெரிக்கர் அந்தக் குழுவோடு சேர்ந்து இந்த ஒலிகளை அமைக்க ஆலோசனை சொன்னார். இந்த விளையாட்டின் படமும் மிகத் தெளிவானது. படத்தையும் அழகாக்கலாம், கதவையும் அகலமாகத் திறக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்வென் வான் டெ வெகே பார்வையற்றவர். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில் எதிராளியின் காலடிச் சத்தத்தையும் அடியின் சத்தத்தையும் கேட்டே ஆடுவார். 2017-இல் ஸ்பெயினில் நடந்த போட்டியில் பார்வையுள்ள ஓர் ஆட்டக்காரரைத் தோற்கடித்தார்!

கைக்கும் ஒரு வழி

பார்வை மட்டுமல்ல, கை விரல்களை எளிதாக அசைக்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-இல் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வெளியிட்டது. அதில் இரண்டு பெரிய பொத்தான்கள். முழங்கையாலோ காலாலோ கூட அழுத்தலாம். அந்தக் கருவி வரும் அட்டைப்பெட்டியை நகத்தால் பிரிக்க வேண்டியதில்லை. வளையத்தில் கை நுழைத்து இழுத்தாலே திறந்துகொள்ளும். சோனி நிறுவனமும் 2023-இல் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது.

தீர்ப்பு

ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் கூடியது. அதே கூடம். அதே மாங்காய்.

நான் தீர்ப்பைப் படித்தேன்.

"கன்சோல்களின் படம் இன்னும் நிஜம் போல ஆனால் தப்பில்லை. ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை. இரண்டரை மீட்டர் தள்ளி உட்காரும் நம் கண்ணுக்கு இருக்கும் புள்ளியே போதும். இன்னும் வேண்டியவை வேறு மூன்று. ஒன்று, காதாலும் கையாலும் விளையாட வழி. இரண்டு, நம் வீட்டுக் கதைகள். மூன்று, எல்லோரும் வாங்கக்கூடிய விலை. இந்த மூன்றும் வந்த பிறகு வியர்வைத் துளியைப் பற்றிப் பேசலாம். ஆகவே இந்த வருடம் புது கன்சோல் கிடையாது!"

பேரன் முகம் தொங்கிப் போயிற்று. வக்கீல் "மேல்முறையீடு!" என்று கத்தினான். அப்பீலுக்குப் பாட்டியிடம் போகச் சொல்லிவிட்டேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன், "பழசையே போடுடா. கார் பந்தயம் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்குண்ணா. ஆனா அதுல நீங்க சொன்ன மாதிரி தனிச் சத்தம் எல்லாம் வராதே" என்றான் பேரன்.

"நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இருக்கீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க!"

ஆட்டம் தொடங்கியது. பேரன் இடது பக்கம், வக்கீல் வலது பக்கம். "லெஃப்ட்ண்ணா, லெஃப்ட்! கொஞ்சம்... போதும், நேரா!" என்று ஒருவன். "வளைவு வருது, பிரேக்!" என்று இன்னொருவன். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. இரண்டாவது வளைவில் இரண்டு முறை. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தாதீங்க. ஒருத்தர் வளைவை மட்டும் சொல்லுங்க, ஒருத்தர் தூரத்தை மட்டும் சொல்லுங்க" என்றான் அவன். அதற்குப் பிறகு கார் ஓட ஆரம்பித்தது. எஞ்சின் உறுமலைக் கேட்டு எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். என் பேரன் அதுவரை அந்தச் சத்தத்தைக் கவனித்ததே இல்லையாம்!

எட்டு கார்களில் எட்டாவதாக வந்தான். ஆனால் பந்தயத்தை முடித்துவிட்டான். தொண்டை கட்டிப்போன இரண்டு வழிகாட்டிகளும் குதித்தார்கள்.

அவன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைக்கவே இல்லை. எந்த ஊர்ப் பிள்ளையும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!"

செய்து பாருங்கள்

1. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, நீங்கள் தினமும் ஆடும் ஒரு விளையாட்டை ஆடிப் பாருங்கள். நண்பர் வழி சொல்லட்டும். எந்தச் சத்தம் உதவியது? எது குழப்பியது? எழுதி வையுங்கள்.

2. ஒரு பழைய பிளாஸ்டிக் பந்தில் சிறு துளை போட்டு (பெரியவர்கள் உதவியோடு), கொஞ்சம் பயறு போட்டு ஒட்டிவிடுங்கள். தெருவில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பழகுங்கள்.

3. உங்கள் ஊரை வைத்து ஒரு வீடியோ கேம் செய்தால் அதில் என்ன இருக்கும்? தாளில் வரையுங்கள். வரைந்து முடித்ததும், பார்வை இல்லாத ஒரு நண்பர் இதை எப்படி விளையாடுவார் என்று யோசித்து ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு உங்கள் விளையாட்டு முன்பைவிட நன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்!